எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர்

சங்ககிரியில் நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீஸ் முதல் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஏறி இறங்கிய படிகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. போன வருடம் மாசி மாதத்தில்தான் எண்ண ஆரம்பித்தேன். பதினோராவது படியில் கால் வைக்கும்போது நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் போனை எடுத்துவிட்டால் அதை மறந்தும் போவேன்.

வாயு என்று நினைத்தேன். சீரகத் தண்ணீர் குடித்தேன், இரவு சாப்பாட்டைக் குறைத்தேன். பங்குனியில் அழுத்தம் ஒன்பதாவது படிக்கு இறங்கி வந்தது. ஐம்பத்தோரு வயது, ஏழு வருடமாகச் சர்க்கரை. இனியும் வாயு என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கே மனசு ஒப்பவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அப்போது வண்டியைத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. வேலைக்கு விட்டிருந்ததால் பத்து நாள் வீட்டில் இருந்தார். இருவருமாகச் சேலத்துக்குப் போய் இதய டாக்டரைப் பார்த்தோம். ஈ.சி.ஜி. நன்றாகவே இருந்தது. டிரெட்மில் என்ற ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்ததில் சந்தேகம் தீரவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கம் இதயத்தை வரைந்தார். அதன் மேல் படர்ந்த மூன்று ரத்தக்குழாய்களையும் வரைந்தார். இவற்றில் எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். குழாய் எதையும் உள்ளே விடமாட்டார்களாம். கையில் ஓர் ஊசி வழியாக மருந்தை ஏற்றுவார்கள். அந்த மருந்து ரத்தத்தோடு போய்க் குழாய்களை நிரப்பும்போது படம் பிடிப்பார்கள்.

மருந்து என்ற சொல்லைக் கேட்டதுமே ஒன்பது வருடத்துக்கு முன்பு வயிற்று வலிக்காக ஒரு ஸ்கேன் எடுத்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்காரர், "சரிங்க டாக்டர், எடுத்துரலாம்" என்று எழுந்துவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அந்த ஸ்கேன் மையத்தில் மருந்து ஏறிய சில நிமிடங்களில் எனக்கு உள்ளங்கை அரித்தது. காது மடல் கொதித்தது. உதடு தடித்து, தொண்டையைக் கயிறு போட்டு இறுக்கியது போல ஆனது. "மூச்சு" என்று சொல்ல நினைத்தேன், சத்தம் வரவில்லை. யாரோ ஓடி வந்து தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில் மூச்சு சரியாகிவிட்டது. சிலருக்கு இப்படி ஆவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, படத்தை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சேலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். அவருக்கும் அது ஞாபகம் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அதைச் சொன்னீன்னா ஸ்கேன் எடுக்க மாட்டேன்னுருவாங்க. அப்பறம் நெஞ்சுக்குள்ள என்ன இருக்குதுன்னு எப்படித் தெரியறது? அன்னைக்கு ஏதோ ஆகிப்போச்சு. இப்ப பேசாம இரு புள்ள."

அவர் பயத்தில்தான் அப்படிப் பேசினார். படியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒரு நாள் கீழேயிருந்து பார்த்திருக்கிறார். ஆனால் பேசாமல் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மையத்துக்குப் போனோம். முன் மேசையில் ஓர் இளைஞர் என் பெயர், வயது, எடை மூன்றையும் கேட்டார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மளமளவென்று டிக் அடித்தார். கையெழுத்துப் போடச் சொல்லி என் முன்னால் நகர்த்தினார்.

ஆபீஸில் என் வேலையே காகிதம் பார்ப்பதுதான். லைசென்ஸ், பர்மிட், இன்சூரன்ஸ் என்று நாள் முழுக்க டிரைவர்கள் நீட்டும் தாள்களை எதிர்ப்பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்துப் பழகியவள் நான். அவர் டிக் அடிக்கும்போதே படித்துவிட்டேன். மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, கர்ப்பம். ஆறுக்கும் 'இல்லை'.

"தம்பி, இதையெல்லாம் நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே?"

"எல்லாருக்கும் பெரும்பாலும் இல்லைன்னுதாங்கம்மா வரும். கையெழுத்துப் போடுங்க, உள்ள கூப்புடறாங்க."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவதுதான் எல்லோருக்கும் எளிது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க. இந்த மாதிரி மருந்து போட்டு ஒருக்கா மூச்சு அடைச்சிருக்குது. அதை எழுதுங்க, அப்பறம் கையெழுத்துப் போடறேன்."

இளைஞர் என்னை ஒரு கணம் பார்த்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் படம் பார்க்கும் டாக்டரே வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்பது வருடத்துக்கு முன்பு நடந்ததை முதலிலிருந்து கேட்டார். அரிப்பு மட்டுமா, மூச்சும் அடைத்ததா, மயக்கம் வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, என்ன ஊசி போட்டார்கள், மருந்தின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசி இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

"இன்னைக்கு எடுக்க வேண்டாம்மா" என்றார். வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவரைப் பார்த்தே அடுத்ததைச் சொன்னார். "எடுக்கவே கூடாதுன்னு சொல்லலைங்க. தயார் பண்ணிக்கிட்டு எடுக்கணும். இவங்க இதைச் சொல்லாம உள்ள படுத்திருந்தா, என்ன நடக்குதுன்னு புரியறதுக்கே எங்களுக்கு நேரம் போயிருக்கும்."

பிறகு அவர் விளக்கியதை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த மருந்தில் அயோடின் கலந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு மறுபடியும் அப்படி ஆக வாய்ப்பு கூடுதல். அதிலேயே பல வகை உண்டு. போனமுறை போட்டது எது என்று தெரிந்தால் அதைத் தவிர்த்து வேறு வகையைப் போடலாம். முன்கூட்டியே மாத்திரை கொடுத்து உடம்பைத் தயார் செய்யலாம். அவசரத்துக்கு ஆட்கள் இருக்கும் பெரிய மருத்துவமனையில் வைத்து எடுப்பது நல்லது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகும்.

ஸ்கேனே வேண்டாம், மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். அதிலும் இதே இன மருந்துதான் போடுவார்கள், அதனால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது என்றார் டாக்டர். மீன் தின்றதால் வந்திருக்குமோ என்று என் நாத்தனார் சொன்னதையும் கேட்டேன். மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சிரித்தார். ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, சும்மா பார்த்து வைப்போம் என்று யாரும் எடுக்கக் கூடாது, ஆனால் உங்களுக்குப் பார்த்தே ஆக வேண்டிய காரணம் இருக்கிறது என்றும் சொன்னார். எழுந்து போகும்போது, "அந்த மருந்துப் பேரை மட்டும் தேடிப் பாருங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் மேல் தட்டிலிருந்து பழைய உறையை இறக்கினேன். உறை காலியாக இருந்தது. சூரிய கிரகணத்தின்போது அந்தப் படங்களைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் தெருவே சூரியனைப் பார்த்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதோடு இருந்த அறிக்கைத் தாள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்தப் பழைய ஸ்கேன் மையத்துக்குத் தனியாகப் போனேன். வேறு கைக்கு மாறியிருந்தது. முன் மேசையில் இருந்தவர் ஒன்பது வருடத்துப் பழையதெல்லாம் இருக்காது என்றார். கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டரும் மாற்றிவிட்டோம் என்றார். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கே ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் ஆபீஸில் மூன்று முறை கம்ப்யூட்டர் மாற்றியிருக்கிறோம். பழையது எங்கும் போய்விடாது, தேடத்தான் ஆளுக்குச் சலிப்பு. அவர் நாளைக்கு வாருங்கள் என்றார்.

"இல்லீங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கறேன். உங்க வேலையெல்லாம் முடிச்சுட்டுப் பாருங்க."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் தேநீர் குடிக்கப் போனார், சாப்பிடப் போனார், வந்தார். நான் கொண்டு போயிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அதே நாற்காலியில் இருந்தேன். கடைசியில் உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். என் பழைய அறிக்கை. இரண்டாவது வரியிலேயே எந்த மருந்து, எவ்வளவு செலுத்தப்பட்டது என்று பெயரோடு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, நாங்கள் எப்படி எழுதுவது என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்று மாலையே சங்ககிரியில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் போனேன். அந்த ஸ்கேனுக்கு மறுநாள் வீங்கிய கண்களோடு நான் போய் நின்றது அவரிடம்தான். உடம்பெல்லாம் தடிப்பு இருந்ததை அவரே பார்த்து மாத்திரை கொடுத்திருந்தார். அவருக்கு நினைவிருந்தது. அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, மருந்தின் பெயரையும் நடந்ததையும் தன் கடிதத் தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நானாக நிறுத்திவிடக் கூடாது. சில மாத்திரைகளை ரத்தத்தில் சிறுநீரக அளவைப் பார்த்து நிறுத்தச் சொல்வார்கள், சொன்னால் மட்டும் நிறுத்தினால் போதும். ரத்தப் பரிசோதனையில் என் சிறுநீரக அளவு நன்றாக இருந்தது. நான் எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். காலை எட்டு மணிக்கு ஸ்கேன். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, விடிந்து ஆறு மணிக்கு இன்னொன்று. அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. பதறவில்லை. முந்தின நாள் மதியத்திலிருந்தே காபி, டீ இரண்டும் கூடாது, இதயத் துடிப்பு கூடிவிடும் என்று சொல்லியிருந்ததால் அதையும் விட்டேன். ஸ்கேனைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மருத்துவமனையில் பெயர் கொடுக்கும் இடத்தில் நான் பையைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார்.

"ஏனுங்க, மொதல்ல இதை எழுதிக்குங்க. என்ற ஊட்டுக்காரிக்கு இந்த மருந்து ஆகாது. பேரு இதுல இருக்குது."

நான் பின்னால் நின்றேன். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

இந்த முறை எல்லாக் கேள்விகளையும் கேட்டார்கள். ஆஸ்துமா உண்டா என்று இரண்டு முறை கேட்டார்கள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாதாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று நர்ஸ் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே, யாரையும் விடாமல் கேட்பது எங்கள் வழக்கம் என்றார். முழங்கை மடிப்பில் கொஞ்சம் பெரிய ஊசியாகப் போட்டார்கள். மருந்து வேகமாக ஏற வேண்டும் என்பதால் சின்ன ஊசி போதாதாம். அரிப்புக்கான ஊசியும் போட்டார்கள்.

என் துடிப்பு எண்பத்திரண்டில் நின்றது. அறுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் படம் தெளிவாக விழும், இல்லாவிட்டால் ஆடிய போட்டோ மாதிரி ஆகிவிடும் என்றார்கள். மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். எழுபத்தாறு. எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. பயம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டு, உள்ளே எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். பத்து வினாடி என்றார். கண்ணை மூடி அதைப் பழகினேன். பாதி மூச்சு இழுப்பது, பத்து எண்ணுவது, விடுவது. எத்தனை தடவை என்று தெரியாது. மறுபடி பார்த்தபோது அறுபத்து நான்கு.

இயந்திரம் என் நினைவில் பயமுறுத்திக்கொண்டிருந்தது போலக் குகை இல்லை, ஒரு பெரிய வளையம். இரண்டு பக்கமும் திறந்திருந்தது. நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டிகள், நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்க ஒரு மருந்துத் தெளிப்பு. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். நர்ஸ் குனிந்து, மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போல இருக்கும், ஆனால் போயிருக்காது என்றார். மூச்சோ தொண்டையோ ஏதாவது செய்தால் உடனே சொல்லுங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்கும், டாக்டர் நிற்கிறார் என்றார்.

சூடு கையில் ஆரம்பித்துத் தொண்டைக்கு வந்தது. இதுதானா அது என்று ஒரு நொடி உடம்பு விறைத்தது. சூடு அங்கே நிற்காமல் அடிவயிற்றுக்கு இறங்கியது. அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, சொன்னபடி நடந்ததாலேயே என்னால் படுத்திருக்க முடிந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். பத்து வரை எண்ணினேன். முடிந்தது என்றார்கள்.

கை ஊசியை எடுக்காமல் ஒரு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இடது முன்கையில் நான்கைந்து தடிப்புகள் வந்தன. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடிப்பு வந்ததை இங்கிருந்த டாக்டர் நேரத்தோடு குறித்துக்கொண்டார். புதிதாகப் போட்ட மருந்தின் பெயரையும் எழுதித் தந்தார். லேசாகத் தலை வலித்தது. அது நாக்கடியில் தெளித்த மருந்தால் வந்தது, போய்விடும் என்றார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். முதலில் காபி வாங்கித் தரச் சொல்லிக் குடித்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில் பெரும்பகுதி அடைத்திருந்தது. இதய டாக்டர் திரையில் காட்டினார். வெள்ளையாக ஓடிவந்த கோடு ஓரிடத்தில் நூலாக இளைத்து, மறுபடி பருத்துப் போனது. எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் என்னை அழுத்தியது வாயு இல்லை, பயமும் இல்லை, இதோ இந்த இடம்தான் என்று கண்ணால் பார்த்ததில் ஒரு தெம்புதான் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அந்த வாரமே மணிக்கட்டு வழியாக, அடைத்த இடத்தை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கும் முன்கூட்டியே அதே மாத்திரைகள், தடிப்போடு நின்றுபோன அந்தப் புது மருந்து. அந்த முறை தடிப்புகூட வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். டிரைவர்கள் வந்து நலம் விசாரித்தார்கள். வீட்டில் யாருக்காவது ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் டாக்டர் இல்லை. எடுக்கலாம், வேண்டாம் என்று யாருக்கும் சொல்வதில்லை. படிவத்தை நீங்களே படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசியில் எங்கள் ஆபீஸ் கணக்கருக்குக் கால் ரத்தக்குழாய்களைச் சி.டி. எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது அவருக்கு. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர். வாய் விட்டு எதையும் கேட்கமாட்டார். அன்று என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏனம்மணி, வலிக்குமா?"

ஊசி குத்தும்போது மட்டும் வலிக்கும், சூடு வரும்போது பயமாக இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். சிறுநீரகத்துக்கு ரத்தம் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டிருக்கிறார். பார்த்ததில், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் அளவு கூடியிருந்தது. டாக்டர் அந்த ஸ்கேனை அப்போதைக்கு நிறுத்திவிட்டு, மருந்தே தேவைப்படாத, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையில் முதலில் பார்த்தார். இப்போது சிறுநீரகத்துக்கும் காலுக்கும் சேர்த்து வைத்தியம் நடக்கிறது. தினமும் மத்தியானம், கால் பிடிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கிறார். டாக்டர் சொன்ன நடைதான் அது. ஈரோடு ரோட்டில் தார்ப்பாய்க் கடை வரைக்கும் போய்த் திரும்புகிறார்.